பருந்து கிளம்பும் கணம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பருந்து, வல்லூறு, கழுகு போன்ற கொன்றுண்ணிப் பறவைகள் உட்கார்ந்த இடத்தை விட்டு எழும்பும் தருணத்தைப் படமெடுப்பது பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். கேட்டவர்களில் பலர் கேமராவில் எதை மாற்றுவது என்றுதான் கேட்டிருக்கிறார்கள். அதைச் சொல்கிறோம். ஆனால் இந்தப் படத்தின் பெரும்பகுதி காற்றடிக்கும் திசையிலும், நீங்கள் நிற்கும் இடத்திலும், பறவை தானாகக் கிளம்பும்வரை நீங்கள் காத்திருப்பதிலும்தான் இருக்கிறது.

கேள்வி: எங்கள் ஊர் வயல்வெளியில் ஒரு மின்கம்பத்தில் தினமும் கருந்தோள் பருந்து வந்து உட்காருகிறது. நாற்பது நிமிடம் காத்திருந்தாலும், அது கிளம்புவதைப் பார்த்து நான் அழுத்துவதற்குள் போய்விடுகிறது. படத்தில் கம்பம் மட்டுமே மிஞ்சுகிறது. எப்போது அழுத்த வேண்டும்? (கும்பகோணம்)

பதில்: கிளம்புவதைப் பார்த்த பிறகு அழுத்தினால் எவருக்கும் கிடைக்காது. கண் பார்த்ததை விரல் செய்ய கால் நொடிக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். கேமரா தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். அதற்குள் பறவை கம்பத்தை விட்டு விலகியிருக்கும். எனவே கிளம்பப் போவதை முன்கூட்டியே அறிந்து, அது இன்னும் உட்கார்ந்திருக்கும்போதே பர்ஸ்ட்டை, அதாவது பட்டனை அழுத்தியிருக்கும்வரை படங்களைத் தொடர்ந்து எடுக்கும் முறையை, தொடங்க வேண்டும்.

முதலில், கிளம்பாது என்பதற்கான அடையாளங்கள். ஒரு காலை மடக்கி வயிற்று இறகுக்குள் வைத்திருந்தால், உடல் இறகுகள் உப்பியிருந்தால், இறகு கோதிக்கொண்டிருந்தால் கையைத் தளர்த்திக்கொள்ளலாம். தொண்டைக்குக் கீழே இரைப்பை புடைத்துத் தெரிந்தால் அது இப்போதுதான் தின்றிருக்கிறது. பெரிய கழுகு என்றால் மணிக்கணக்கில் அசையாது. அந்த நேரத்தை வேறு பறவைக்குக் கொடுப்பது நல்லது.

இனி, கிளம்பப் போவதற்கான அடையாளங்கள். மடக்கிய கால் கீழே இறங்கும். உடம்பை ஒருமுறை உலுக்கி இறகுகளைப் படிய வைக்கும். ஒரு பக்கச் சிறகையும் அதே பக்கக் காலையும் சேர்த்துப் பின்னால் நீட்டி நெட்டி முறிக்கும். வாலைத் தூக்கி எச்சமிடும். இது எல்லாருக்கும் தெரிந்த அடையாளம். பல தடவை பலிக்கும், ஆனால் எச்சமிட்டதும் பறந்தே தீரும் என்பதில்லை. இவற்றில் இரண்டு அடுத்தடுத்து வந்தால் வியூஃபைண்டரை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள்.

உறுதியான அடையாளம் உடம்பின் சாய்வு. நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் பறவை முன்னால் குனிந்து முதுகைக் கிடைமட்டமாக்கும், முழங்கால் மடங்கும், சிறகின் மேல்மூட்டு உடம்பிலிருந்து ஒரு விரற்கடை விலகும். அழுத்த வேண்டியது இந்த இடத்தில்தான். கருந்தோள் பருந்தும் வல்லூறும் இரை கண்டால் இதற்கு முன் தலையை மேலும் கீழும் ஆட்டித் தூரத்தைக் கணிக்கும். தலை ஆட்டம் நின்று பார்வை ஒரே புள்ளியில் குத்திட்டு நின்றால் அடுத்த ஓரிரு நொடிகளில் கிளம்பலாம்.

பத்து முறை அழுத்தினால் ஏழு முறை ஏமாற்றும், அது இயல்பு. பட்டனை அழுத்திப் பிடித்தே வைக்காமல், ஒவ்வொரு சாய்வுக்கும் 8 முதல் 10 படம் என்று விட்டு விட்டு எடுங்கள். இல்லாவிட்டால் பஃபர் (எடுத்த படங்களைத் தற்காலிகமாக வைத்திருக்கும் கேமரா நினைவகம்) நிரம்பி, கேமரா மெமரி கார்டில் எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் பறவை போய்விடும். கருந்தோள் பருந்து ஒரே கம்பத்துக்குத் திரும்பத் திரும்ப வரும் பழக்கமுள்ளது. இரை தப்பினாலும் பெரும்பாலும் அங்கேயே வந்து உட்காரும். கம்பத்தின் அடியில் வெள்ளை எச்சமும், எலி மயிரும் எலும்பும் கலந்து அது கக்கிய உருண்டைகளும் கிடந்தால் அது வாடிக்கையான இடம். பறவை வருவதற்கு முன்பே நீங்கள் போய் உட்கார்ந்துவிடுங்கள். நீங்கள் அதை நெருங்குவதைவிட, அது உங்கள் அருகே வந்து உட்காருவது எப்போதும் மேல்.

கேள்வி: அழுத்துவதற்கு முந்தைய நொடியையும் பதிவு செய்யும் கேமராக்கள் வந்துவிட்டனவாமே? அதை வாங்கினால் இந்தத் தொல்லை தீருமா? (சேலம்)

பதில்: பெரும்பகுதி தீரும். பட்டனைப் பாதி அழுத்தியபடி இருந்தால் கேமரா படங்களை எடுத்து நினைவில் வைத்துக்கொண்டு பழையதைத் தள்ளிக்கொண்டே இருக்கும். முழுதாக அழுத்தியதும் முந்தைய அரை நொடி அல்லது ஒரு நொடியையும் சேர்த்து கார்டில் எழுதும். ஒலிம்பஸில் இதற்குப் ப்ரோ கேப்சர் என்று பெயர். அதன் ஓஎம்-1 கேமரா இதை ரா கோப்பாகவே, அதாவது பிறகு திருத்த நிறைய இடம் தரும் மூலக் கோப்பாகவே, தருகிறது. நிக்கான் இசட்8, இசட்9 ஒரு நொடிவரை பின்னோக்கிப் போகும், ஆனால் கேமராவே முடித்துத் தரும் ஜேபெக் படமாக மட்டுமே. எனவே வெளிச்ச அளவையும் வெள்ளைச் சமநிலையையும் எடுக்கும்போதே சரியாக வைக்க வேண்டும். கேனான் ஆர்7-இல் ரா பர்ஸ்ட் என்ற தனி முறையில் அரை நொடி கிடைக்கும். எல்லாப் படங்களும் ஒரே கோப்பாகப் பதிவாகும், வேண்டியதைப் பிறகு பிரித்தெடுக்க வேண்டும். சோனி ஏ9 III ஒரு நொடிவரை தருகிறது.

இதற்குக் கொடுக்கும் விலையையும் தெரிந்துகொள்ளுங்கள். பாதி அழுத்தியபடி காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் பேட்டரி கரையும், கேமரா சூடாகும். நொடிக்கு 30 படம் என்றால் ஒரு கிளம்பலுக்கே 60 கோப்புகள் சேரும். அடுத்து, இந்த வசதி எலக்ட்ரானிக் ஷட்டரில் மட்டுமே இயங்கும். அதன் குறையை இன்னொரு கேள்விக்கான பதிலில் விளக்கியிருக்கிறோம்.

கேள்வி: செம்பருந்து உட்கார்ந்திருக்கும்போது படம் அருமையாக வருகிறது. சிறகை விரித்ததும் இரண்டு பக்கமும் வெட்டுப்படுகிறது. 600 மி.மீ. லென்ஸ், ஃபுல் ஃப்ரேம் கேமரா. (நாகப்பட்டினம்)

பதில்: தேவைக்கு மேல் நெருக்கமாக ஃப்ரேம் வைக்கிறீர்கள். கணக்கு எளிது. சென்சாரின் (கேமராவுக்குள் ஒளியைப் பதிவு செய்யும் தகட்டின்) அகலத்தைத் தூரத்தால் பெருக்கி, லென்ஸின் மி.மீ. அளவால் வகுத்தால் அந்தத் தூரத்தில் எவ்வளவு அகலம் படத்துக்குள் வரும் என்று தெரியும். ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36 × 24 மி.மீ. எனவே 600 மி.மீ. லென்ஸில் 20 மீட்டர் தூரத்தில் உங்களுக்குக் கிடைப்பது 1.2 மீட்டர் அகலமும் 0.8 மீட்டர் உயரமும்தான். செம்பருந்தின் சிறகு விரிவே ஏறத்தாழ 1.1 முதல் 1.25 மீட்டர். வெட்டுப்படாமல் எப்படி இருக்கும்?

30 மீட்டருக்குப் பின்வாங்குங்கள், அல்லது 20 மீட்டரிலேயே நின்று 400 மி.மீ.க்கு இறங்குங்கள். இரண்டிலும் 1.8 × 1.2 மீட்டர் கிடைக்கும். சிறிய சென்சார் கொண்ட ஏபிஎஸ்-சி கேமரா வைத்திருப்பவர்கள் 36-க்குப் பதில் 23.5 என்று போட்டுக்கொள்ளுங்கள். கேனான் என்றால் 22.3. அவர்களுக்கு 600 மி.மீ.யில் 30 மீட்டரிலும் 1.2 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகவே கிடைக்கும். ஊர்ப்பருந்துக்கு, அதாவது தெருவில் வட்டமிடும் கரும்பருந்துக்கு, ஒன்றரை மீட்டர் வரை வேண்டும். வல்லூறுக்கு 60 செ.மீ. போதும்.

களத்தில் கணக்குப் போட நேரம் இருக்காது. உட்கார்ந்திருக்கும் பறவையின் உயரம் ஃப்ரேம் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, கால் பங்கு என்றால் இன்னும் நிம்மதி. படம் காலியாகத் தெரிகிறதே என்று மனம் அடித்துக்கொள்ளும், பொறுத்துக்கொள்ளுங்கள். 24 மெகாபிக்சல் கேமராவில் 1.8 மீட்டர் அகலத்துக்குள் 1.2 மீட்டர் சிறகு வந்தால் சிறகுக்கு மட்டும் 4000 பிக்சல் இருக்கும். பத்திரிகையில் ஒரு பக்கம் முழுக்க அச்சிட அது போதும்.

காலி இடத்தை எந்தப் பக்கம் விடுவது என்பதும் முக்கியம். தரையிலிருந்தோ தாழ்ந்த கட்டையிலிருந்தோ எழும் பறவை முதலில் கால்களால் உந்தி மேலே துள்ளும், சிறகு தலைக்கு மேல் உயரும். எனவே மேலே இடம் வேண்டும். உயரமான கம்பம், பனைமரம், பாறை விளிம்பு இவற்றிலிருந்து கிளம்பும் பறவை பெரும்பாலும் முன்னால் சரிந்து கீழே இறங்கி, அந்த வேகத்தைப் பறப்பாக மாற்றிக்கொள்ளும். அதற்குக் கீழேயும் முன்னாலும் இடம் விடுங்கள். பனை உச்சியில் இருக்கும் பருந்துக்கு மேலே வானத்தை நிறைய விட்டுவிட்டு, அது ஃப்ரேமின் அடி வழியாக நழுவிப்போவது அடிக்கடி நடக்கும் தவறு.

கேள்வி: எத்தனை முறை எடுத்தாலும் முதுகும் வாலும்தான் கிடைக்கிறது. சூரியனுக்கு முதுகைக் காட்டித்தான் நிற்கிறேன். முகம் தெரியும்படி எடுப்பது எப்படி? (தாராபுரம்)

பதில்: இந்தக் கடிதத்துக்கு நன்றி. வந்தவற்றில் மிக முக்கியமான கேள்வி இதுதான். நீங்கள் சூரியனைப் பார்த்தீர்கள், காற்றைப் பார்க்கவில்லை. பறவை காற்றை எதிர்த்தே எழும்பும், அப்போதுதான் குறைந்த வேகத்திலேயே சிறகுக்குத் தூக்குவிசை கிடைக்கும். உட்காரும்போதும் காற்றை நோக்கியே உட்காரும், இல்லாவிட்டால் இறகுகள் பின்னாலிருந்து கலையும். ஆகவே காற்று உங்கள் முகத்தில் அடித்தால் பறவை உங்களுக்கு முதுகு காட்டும். உங்கள் பிடரியில் அடித்தால் முகம் காட்டும். சூரியனும் காற்றும் ஒரே பக்கத்திலிருந்து வரும் நேரத்தைத் தேடுவதுதான் வேலை.

தமிழ்நாட்டில் அது எப்போது, எங்கே வாய்க்கும் என்று பார்ப்போம்.

உங்கள் பகுதியில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்குக் காற்று பலமாக வீசும். காலையில் சூரியன் கிழக்கே. சூரியனுக்கு முதுகு காட்டி மேற்கே பார்த்து நின்றால் பறவையும் மேற்கே பார்த்து உட்கார்ந்திருக்கும். உங்களுக்கு வால்தான். அதே இடத்தில் மாலை நான்கரைக்குப் பிறகு பறவைக்கு மேற்குப் பக்கம் போய் நில்லுங்கள். வெயிலும் காற்றும் உங்கள் முதுகில், பறவையின் முகம் உங்களை நோக்கி. கொங்குப் பகுதிக்கு இந்த மாதங்களில் மாலையே பொன்னான நேரம். மேகம் மறைக்கும் நாட்கள் உண்டு, அதற்கு ஒன்றும் செய்வதற்கில்லை.

டெல்டாவிலும் கிழக்குக் கடற்கரையிலும் மழை ஓய்ந்த டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை காற்று பொதுவாக வடகிழக்கிலிருந்து வரும். குளிர்காலச் சூரியன் தென்கிழக்கில் எழும். பறவைக்குக் கிழக்குப் பக்கம் நின்றால் காற்று ஒரு தோளின் பின்னாலும் வெயில் மறு தோளின் பின்னாலும் இருக்கும். பூனைப்பருந்துகளும் விராலடிப்பானும் வலசை வந்திருக்கும் காலமும் இதுவே. ஒரு எச்சரிக்கை: கரையோரத்தில் விடியலில் நிலத்திலிருந்து கடலுக்கு மெல்லிய காற்று போகும். அது நின்று திசை மாறும்வரை கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

மார்ச் முதல் மே வரை கரையோரத்தில் பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து வரும், சூரியனோ மேற்கே. அப்போது நேர்முகப் படத்துக்கு ஆசைப்படாமல், பறவைக்குத் தெற்கிலோ வடக்கிலோ நின்று பக்கவாட்டுத் தோற்றத்துக்குப் போங்கள். அல்லது துணிந்து கிழக்கே நின்று வெயிலை எதிர்கொள்ளுங்கள். செம்பருந்தின் விரிந்த சிறகில் பின்வெயில் ஊடுருவி வரும்போது அந்தச் செங்காவி நிறம் தணல் போல ஒளிரும். வெளிச்ச அளவை ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு, கூட்டிக்கொண்டால் போதும்.

காற்றின் திசையை அறிய ட்ரைபாட் காலில் ஒரு முழம் நூலைக் கட்டித் தொங்கவிடுங்கள். தென்னை ஓலையும் நாணல் பூவும் சொல்லும். இலைகூட அசையாத நாளில் இந்தக் கணக்கு செல்லாது. அப்போது பறவை கிளை திறந்திருக்கும் பக்கமோ இரை இருக்கும் பக்கமோ போகும்.

கேள்வி: ஷட்டர் வேகம் எவ்வளவு வைப்பது? 1/1000-இல் முகம் தெளிவாக இருக்கிறது, சிறகு நுனி மங்குகிறது. (மதுரை)

பதில்: பறவை உங்களுக்குக் குறுக்கே நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1/500 நொடியில் அது 12 மி.மீ. நகரும், 1/2000-இல் 3 மி.மீ. முன்சொன்ன 1.8 மீட்டர் அகல ஃப்ரேமில் 24 மெகாபிக்சல் கேமராவின் ஒரு பிக்சல் 0.3 மி.மீ. அப்படியானால் 1/500-இல் 40 பிக்சல் இழுபடும், 1/2000-இல் 10 பிக்சல். கேமராவைப் பறவையோடு சேர்த்துத் திருப்பினால் உடம்பின் இழுபடலை ஈடுகட்டலாம். அதனால்தான் உங்களுக்கு முகம் தெளிவாக வருகிறது. சிறகு நுனியின் தனி வேகத்தை அப்படி ஈடுகட்ட முடியாது. கிளம்பும் தருணத்தில் அடிக்கும் அடி மற்ற நேரத்தைவிடப் பலமானது, வேகமும் கூடுதல்.

வல்லூறு அளவுள்ள சிறிய பறவைக்கு 1/3200 அல்லது அதற்கு மேல். பருந்துகளுக்கு 1/2000 முதல் 1/2500. பாறு போன்ற பெரும் கழுகுகள் மெதுவாக அடிப்பதால் 1/1250 முதல் 1/1600 போதும். காலை ஆறரை மணிக்கு இதற்காக ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன் அளவு) 3200 போனாலும் போகட்டும். அதனால் படத்தில் தோன்றும் புள்ளிகளைப் பின்னால் மென்பொருளில் குறைக்கலாம், அசைவு மங்கலைச் சரிசெய்ய வழியில்லை. சிறகு நுனி லேசாக மங்கியிருப்பதை வேண்டுமென்றே வைப்பவர்களும் உண்டு. கண் மட்டும் கூர்மையாக இருந்தால் அதுவும் நல்ல படமே.

லென்ஸில் அசைவுத் தடுப்பை ஸ்போர்ட் அல்லது மோடு 3-இல் வையுங்கள். சாதாரண முறையில் வைத்தால் நீங்கள் கேமராவைத் திடீரெனத் திருப்பும்போது அது எதிர்த்து இழுக்கும்.

கேள்வி: கரும்பருந்து மரத்தை விட்டு வானத்துக்கு வந்ததும் கருநிழலாகிவிடுகிறது. செம்பருந்து எடுத்தால் வெள்ளைத் தலை வெளுத்துப்போகிறது. (சென்னை)

பதில்: இரண்டுக்கும் காரணம் ஒன்றே: வெளிச்சத்தைக் கேமராவின் முடிவுக்கு விட்டிருக்கிறீர்கள். பின்னணி பச்சை மரத்திலிருந்து வெளிர் வானத்துக்கு மாறியதும் மீட்டர் ஏமாந்து இருட்டாக்குகிறது. ஆனால் பறவையின் மேல் விழும் வெயில் மாறவே இல்லை. எனவே மேனுவலுக்குப் போங்கள், ஆட்டோ ஐஎஸ்ஓவையும் அணையுங்கள். தெளிந்த வானத்தில் காலை எட்டு மணி வாக்கில் ஷட்டர் 1/2500, லென்ஸின் துளை எஃப் 6.3, ஐஎஸ்ஓ 800 என்று தொடங்கி, உட்கார்ந்திருக்கும் பறவையை ஒரு படம் எடுத்து ஹிஸ்டோகிராமை (படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடத்தை) பாருங்கள். செம்பருந்துக்குத் தலையின் வெண்மை வெடிக்காத அளவுக்கு ஐஎஸ்ஓவை 640 அல்லது 500-க்கு இறக்குங்கள். கரும்பருந்துக்கு 1000, 1250 என்று ஏற்றலாம். வெயில் ஏற ஏற, கால் மணிக்கு ஒரு முறை சரிபாருங்கள். மேகம் வந்து வந்து போகும் நாளில் மட்டும் ஆட்டோ ஐஎஸ்ஓ வைத்து, வானப் பின்னணிக்கு ஒரு ஸ்டாப் கூட்டிக்கொள்ளலாம்.

கேள்வி: வேப்பமரத்துக்குள் வல்லூறு. ஃபோகஸ் எப்போதும் முன்னால் இருக்கும் இலையில் போய் நிற்கிறது. பறந்ததும் பின்னணியில் நிற்கிறது. (திண்டுக்கல்)

பதில்: உட்கார்ந்திருக்கும் பறவைக்கும் பறக்கும் பறவைக்கும் ஒரே ஃபோகஸ் பரப்பு ஒத்துவராது. உட்கார்ந்திருக்கையில் ஒற்றைப் புள்ளி அல்லது ஆகச் சிறிய பரப்பு. எழுந்ததும் அகலப் பரப்பு, பறவையின் கண்ணைக் கண்டுபிடிக்கும் வசதி இருந்தால் அதோடு. மெனுவுக்குள் போய் மாற்ற நேரம் இருக்காது. ஃபோகஸை இயக்கும் பின்பக்கத்து ஏஎஃப்-ஆன் பட்டனில் சிறிய பரப்பையும், அதன் பக்கத்துப் பட்டனில் அகலப் பரப்பையும் அமைத்துவிட்டால் கட்டைவிரலை நகர்த்தினால் போதும். இரண்டும் தொடர் ஃபோகஸிலேயே இருக்கட்டும். லென்ஸில் ஃபோகஸ் எல்லைச் சுவிட்ச் இருந்தால் அருகில் உள்ளவற்றை விலக்கும் பக்கம் தள்ளுங்கள்.

எஃப் 6.3-இல் 600 மி.மீ. லென்ஸ் 20 மீட்டரில் தரும் தெளிவின் ஆழம், அதாவது முன்னும் பின்னும் கூர்மையாகத் தெரியும் தூரம், மொத்தமே 40 செ.மீ. சுமார். நேராக உங்களை நோக்கி வரும் பறவை கண் இமைக்கும் நேரத்தில் அதைத் தாண்டிவிடும். எஃப் 8-க்குப் போனால் இன்னும் பத்து செ.மீ. சேரும், வெளிச்சம் இருந்தால் செய்யலாம். ஆனால் வேப்பமரத்துக்குள் இருக்கும் வல்லூறை விட்டுவிடுங்கள் என்றே சொல்வோம். அது இலைகளுக்குள் புகுந்து மறுபக்கமாக வெளியேறும் பறவை. பட்டுப்போன ஒரு கிளையிலோ கிணற்று மேட்டுக் கல்லிலோ அது உட்காரும் நாள் வரும்.

கேள்வி: முன்பதிவு (அழுத்துவதற்கு முந்தைய நொடியையும் பதிவு செய்யும்) வசதியுள்ள கேமராவில் எடுத்த படங்களில் சிறகு வளைந்து, ரப்பர் போல இருக்கிறது. ஷட்டர் 1/4000. கேமரா பழுதா? (கோயம்புத்தூர்)

பதில்: பழுதல்ல. எலக்ட்ரானிக் ஷட்டரில் சென்சார் மேலிருந்து கீழாக வரிசை வரிசையாகப் படிக்கப்படுகிறது. ஒவ்வொரு வரிசையும் 1/4000 நொடிதான் ஒளி வாங்குகிறது, ஆனால் முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் நடுவே நேரம் ஓடிவிடுகிறது. கேனான் ஆர்7 போன்றவற்றில் அது ஏறக்குறைய 1/30 நொடி. அதற்குள் சிறகு இடம் மாறிவிடுவதால் மேல்பாதி ஒரு நிலையிலும் கீழ்ப்பாதி வேறு நிலையிலும் பதிவாகிறது. ஷட்டர் வேகத்தை எவ்வளவு கூட்டினாலும் இது போகாது. நிக்கான் இசட்8, இசட்9 போன்றவை முழுச் சென்சாரையும் 1/250 நொடிக்குள் படித்துவிடுவதால் வளைவு கண்ணுக்குத் தெரிவதில்லை. சோனி ஏ9 III எல்லா வரிசைகளையும் ஒரே கணத்தில் படிப்பதால் வளைவே இல்லை.

உங்கள் கேமராவை மாற்ற வேண்டியதில்லை. பெரிய பறவைகளுக்கும், சாய்ந்து சிறகு பிரிக்கத் தொடங்கும் அந்த முதல் கணத்துக்கும் முன்பதிவைப் பயன்படுத்துங்கள். வல்லூறு போல வேகமாக அடிப்பவற்றுக்கு மெக்கானிக்கல் ஷட்டருக்குத் திரும்பி, உடம்பின் சாய்வைப் பார்த்து அழுத்துங்கள்.

கேள்வி: எங்கள் குழுவில் சிலர் பறவை கிளம்பாவிட்டால் கைதட்டுகிறார்கள், கல்லெறிகிறார்கள். இன்னொருவர் வெள்ளெலியைக் கட்டிவைத்து இறங்க வைக்கிறார். நான் மறுத்தால் "ஒரு படத்துக்கு என்ன கெட்டுப்போகும்" என்கிறார்கள். (பெயர் வேண்டாம்)

பதில்: நீங்கள் மறுத்தது சரி. முதலில் படத்தையே எடுத்துக்கொள்வோம். விரட்டப்பட்ட பறவை உங்களிடமிருந்து விலகித்தான் ஓடும். காற்றையும் வெளிச்சத்தையும் பார்த்து நின்று என்ன பயன்? கிடைப்பது வாலும், ஒடுங்கிய இறகும், மிரண்ட கண்ணும். பறவை அறிந்தவர் அந்தப் படத்தைப் பார்த்ததும் என்ன நடந்தது என்று கண்டுகொள்வார்.

பறவைக்கு நேரும் கேடு இன்னும் பெரியது. இரை பிடிக்க அது எடுக்கும் முயற்சிகளில் பல வீணாகும். நீங்கள் கலைத்தது அடுத்த முயற்சிக்காகச் சேர்த்துவைத்த பலத்தை. எழும்பியதும் காக்கைகள் சூழ்ந்து துரத்தும். கூட்டில் இருந்த பறவையைக் கிளப்பினால் முட்டையும் குஞ்சும் வெயிலுக்கும் காக்கைக்கும் திறந்து கிடக்கும். தமிழ்நாட்டில் செம்பருந்து டிசம்பர் முதல் ஏப்ரல் வரையும், வல்லூறு கோடையிலும் கூடு கட்டும். ஒரு பறவை திரும்பத் திரும்பக் கத்தியபடி உங்கள் தலைக்கு மேல் சுற்றினால் நீங்கள் கூட்டுக்கு அருகில் நிற்கிறீர்கள். படம் எடுக்காமல் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவையின் முட்டைக்கோ கூட்டுக்கோ இடையூறு செய்வதையும் வேட்டை என்ற சொல்லுக்குள்ளேயே வைத்திருக்கிறது. வேடிக்கைக்காக ஒரு விலங்கைக் கட்டிவைத்து இன்னொன்றுக்கு இரையாக்குவது 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் குற்றம். குழுவில் இதைச் சத்தமாகச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் அவர்களோடு போகாதீர்கள்.

நெருங்க வேண்டியிருந்தால் இப்படி நெருங்கலாம். பறவையை நோக்கி நேராக நடக்காமல், அதைக் கடந்து போகிறவர் போலச் சாய்வாக நடங்கள். பத்தடிக்கு ஒரு முறை நின்று இரண்டு நிமிடம் பொறுங்கள். கோதுவதை நிறுத்தி உங்களையே பார்க்கத் தொடங்கினால் அதுதான் எல்லை. இறகை ஒடுக்கி உடம்பை நீட்டி மெலிந்து நின்றால் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள், பின்வாங்குங்கள். கார் இருந்தால் இன்னும் எளிது. மனிதரைவிட வாகனத்தைப் பறவைகள் பொறுத்துக்கொள்கின்றன. ஜன்னலைப் பாதி இறக்கி, இரண்டு கிலோ அரிசியோ பயறோ நிரப்பிய துணிப் பையின் மேல் லென்ஸைச் சாய்த்து, எஞ்சினை அணைத்துவிட்டு உட்காருங்கள். எஞ்சின் ஓடினால் அதிர்வில் படம் கெடும். கதவைத் திறந்து இறங்கினால் கெடுவது அன்றைய பொழுது முழுவதும்.

கேள்வி: பத்து மணிக்கு மேல் எடுக்கும் படங்கள் எல்லாமே மந்தமாக இருக்கின்றன. லென்ஸை சர்வீஸுக்குக் கொடுக்கவா? (ராமநாதபுரம்)

பதில்: கொடுக்க வேண்டாம். அது கானல். சூடேறிய தரையிலிருந்து எழும் காற்று ஒளியைக் கலைக்கிறது. உப்பளம், தார்ச்சாலை, உழுத வயல் மேல் எடுத்தால் ஒன்பது மணிக்கே தொடங்கிவிடும். அதே லென்ஸில் காலை ஏழு மணிக்கு ஒரு படம் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: மோயாறு பள்ளத்தாக்கில் பாறு கழுகுகள் எழும்புவதை எடுக்க ஆசை. விடியலிலேயே போகலாமா? (ஈரோடு)

பதில்: அந்தப் பகுதியின் பெரும்பகுதி புலிகள் காப்பகம். வனத்துறை அனுமதித்த சாலையிலும் வாகனத்திலும் மட்டுமே. விடியலில் அவசரப்படத் தேவையும் இல்லை. வெண்முதுகுப் பாறுவின் சிறகு விரிவு இரண்டு மீட்டரைத் தொடும். அவ்வளவு பெரிய உடம்பை அடித்தடித்துத் தூக்க அதற்கு விருப்பமில்லை. தரை சூடாகி வெப்பக் காற்று மேலெழும்வரை, ஒன்பது பத்து மணிவரைகூட, மரத்திலேயே சிறகை விரித்து வெயில் காய்ந்துகொண்டிருக்கும். தரையில் இருந்தால் காற்றை எதிர்த்துச் சில தத்து தத்தி ஓடித்தான் எழும். கால்நடைகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் மருந்தால் இந்தியா முழுவதும் அழிவின் விளிம்புக்குப் போன இனம் இது. அந்த மருந்துக்குக் கால்நடை மருத்துவத்தில் 2006-இல் தடை வந்தது. மிஞ்சியிருப்பவற்றின் கூட்டு மரத்தைப் படமெடுத்தாலும் இடத்தை எங்கும் வெளியிடாதீர்கள்.

கேள்வி: என்னிடம் பழைய டிஎஸ்எல்ஆரும் 70-300 லென்ஸும்தான் உள்ளன. நொடிக்கு 5 படம் எடுக்கும். இதை வைத்துத் தொடங்க முடியுமா? (தூத்துக்குடி, கல்லூரி மாணவி)

பதில்: தாராளமாக. உங்கள் ஊர் மீன் இறங்குதுறையே போதும். வலை பிரிக்கும் நேரத்தில் செம்பருந்துகள் தாமாகவே வந்து படகுக் கம்பத்திலும் மண்டபக் கூரையிலும் உட்காரும், மனிதருக்குப் பழகியவை. ஏபிஎஸ்-சி கேமராவில் 300 மி.மீ. லென்ஸ் 20 மீட்டரில் 1.5 மீட்டர் அகலம் தரும். செம்பருந்துக்குச் சரியான அளவு. வேலை செய்கிறவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் ஓரமாக நில்லுங்கள், மீனை வீசி வரவழைக்காதீர்கள்.

நொடிக்கு 5 படம் என்றால் முதல் அரை நொடியில் உங்களுக்குக் கிடைப்பது இரண்டோ மூன்றோதான். ஆகவே உடம்பு சாயும்போது அழுத்தும் பழக்கம் மற்றவர்களைவிட உங்களுக்கே அதிகம் தேவை. அதைக் கொக்கிடம் கற்றுக்கொள்ளுங்கள். கொக்கு கழுத்தை மடக்கி, முழங்காலைத் தாழ்த்தி, நிதானமாக எழும். பத்து நாள் கொக்கு, பிறகு காக்கை, பிறகு செம்பருந்து. லென்ஸை எஃப் 5.6 அல்லது 6.3, ஷட்டரை 1/2000, ஃபோகஸை நடுப்புள்ளியும் அதைச் சுற்றிய புள்ளிகளும் சேர்ந்த பரப்பு என்று வையுங்கள். ரா கோப்பில் பஃபர் சீக்கிரம் நிரம்பினால் இந்தப் பழக்கக் காலத்தில் ஜேபெக்கிலேயே எடுங்கள். ஒவ்வொரு நாளும் வீடு திரும்பியதும் படங்களை வரிசையாகப் பார்த்து, முதல் படத்தில் பறவையின் கால் இன்னும் கம்பத்தில் இருக்கிறதா என்று எண்ணிக்கொண்டு வாருங்கள்.